அடுப்பில் இல்லாத பாகு

நான்கு வருடங்களுக்கு முன்பு, மலையில் ஏலக்காய் எடுப்பு தொடங்கியிருந்த மழைக்காலத்தில் நடந்தது இது. போடிமெட்டைத் தாண்டி ஜீப்பில் இன்னும் கொஞ்ச தூரம் உள்ளே போனால் வரும் ஓர் எஸ்டேட்டில், என் கணவர் புதிதாக சூப்பர்வைசர் வேலைக்குச் சேர்ந்திருந்தார். நான் முதல் பிரசவத்துக்காகப் போடியில் அம்மா வீட்டில் இருந்தேன். பெண் குழந்தை பிறந்து, முப்பதாம் நாள் கழிந்த சமயத்தில் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். காலில் மாவுக்கட்டு. தண்ணீர் எடுத்துக் குடிக்கவே ஒருவர் உதவி வேண்டும் என்று அவர் படுத்திருக்கும்போது நானும் பிள்ளையுமாக அங்கே இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. கணவரை வரச் சொல்லி, குழந்தையோடு மலைக்குப் போய்விட்டேன்.

எங்களுக்குக் கொடுத்திருந்த வீடு, ஏலக்காயைக் காயவைக்கும் ஸ்டோருக்குப் பக்கத்தில் தனியாக இருந்தது. தொழிலாளர்கள் குடியிருக்கும் லயம் கொஞ்சம் கீழே. வீட்டைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஏலச் செடிகள், அவற்றுக்கு மேல் நிழலுக்கு நிற்கும் பெரிய மரங்கள். மதியமே மூடுபனி இறங்கி ஜன்னல் கண்ணாடியில் வந்து நிற்கும். பகலிலேயே விளக்குப் போட்டுக்கொண்டு, ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு, ஸ்வெட்டரைக் கழற்றாமல் உட்கார்ந்திருப்பேன். கணவர் காலையில் போனால் இருட்டும் வேளைக்குத்தான் வருவார்.

மேலே போன கொஞ்ச நாளிலேயே எனக்குப் பால் குறைந்துவிட்டது. அம்மாவிடம் போனில் அழுதேன். "வெந்தயக் களி ரெண்டு நேரமும் தின்னு. வெந்தயத்த வறுத்துப் பொடிச்சு பாலுலயும் போட்டுக் குடி. பால் தானா ஊறும்" என்றார். படுத்த படுக்கையிலிருந்தே பக்கத்து வீட்டுப் பெண்ணை வைத்து ஒரு பெரிய டப்பா நிறைய வெந்தயப் பொடியும் கருப்பட்டியும் தயார் செய்து, ஆள் ஏற்றி வரும் ஜீப்பில் கொடுத்தனுப்பிவிட்டார். கசப்பைப் பார்க்காமல் தின்றேன். பாலும் ஊறத்தான் செய்தது.

முதலில் கேட்டது, விறகு கொண்டுவந்து போட்ட ஒரு பெண். வாசலில் கட்டை இறக்கியவள் மூக்கை உறிஞ்சிவிட்டு, "என்ன தாயி, பாகு காய்ச்சுறீகளா? அதிரசமா?" என்று கேட்டாள். அடுப்பு காலையிலேயே அணைந்து சில்லிட்டுக் கிடந்தது. இல்லையே என்றேன். அவள் எட்டி அடுப்பைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். குடிக்கத் தண்ணீர் கேட்டவள் அதை வாங்காமலே போய்விட்டாள்.

நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு எந்த வாசமும் தெரியவில்லை. அந்த மலையில் எதை மோந்தாலும் ஏலக்காய்தான். துணி, தலையணை, குடிக்கும் தண்ணீர்கூட அப்படித்தான்.

அடுத்து லயத்திலிருந்து ஓர் அக்கா வந்தார். ஸ்டோரில் காய் பிரிக்கும் வேலை அவருக்கு. நான் வந்த நாளிலிருந்து தினமும் சாயங்காலம் எட்டிப் பார்த்து, குழந்தையைக் கொஞ்சிவிட்டு, என்னோடு ஒரு டீ குடித்துவிட்டுப் போவார். இரண்டு வாரம் மகள் வீட்டுக்குப் போயிருந்தவர் அன்றைக்குத்தான் திரும்பியிருந்தார். "என் தங்கம்" என்று குழந்தையைத் தூக்கி உச்சியில் முத்தம் கொடுக்கக் குனிந்தார். குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். மூச்சை ஒருமுறை இழுத்தார். அவர் முகம் வெளிறியது எனக்கே தெரிந்தது. குழந்தையை மெதுவாக, ஏதோ உடைந்துவிடும் பொருளைப் போல, பாயில் கிடத்தினார்.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல ஆத்தா. அடுப்புல சோறு கெடக்கு, வர்றேன்."

டீ அப்படியே இருந்தது. மறுநாள் காலை கதவைத் திறந்தால் வாசல்படியின் குறுக்கே திருநீறு கோடாகப் போட்டிருந்தது. நிலையில் ஒரு வேப்பங்கொத்து செருகியிருந்தது. யார் செய்தது என்று தெரியவில்லை. அன்றிலிருந்து லயத்துப் பெண்கள் யாரும் வீட்டுப் பக்கம் வரவில்லை. தண்ணீர் பிடிக்கப் போகிறவர்கள்கூட எங்கள் வாசலை விட்டுச் சுற்றிப் போனார்கள். பனிக்குள் அவர்கள் பேச்சு கேட்கும். எங்கள் வீட்டுப் பக்கம் வந்ததும் நின்றுவிடும். கொஞ்சம் தள்ளிப் போனதும் மறுபடி கேட்கும்.

கணவரிடம் சொன்னேன். அவர் தயங்கி, "எனக்கும் அடிக்குது புள்ள. நாலஞ்சு நாளாவே. உன் தலகாணியில, புள்ள மேல. பாகு முத்திக் கருகுனா வருமே, அது. கருப்பட்டி வாசமா இருக்கும்னு பேசாம இருந்தேன்" என்றார். அன்றே கருப்பட்டியைத் தூக்கி ஸ்டோரில் வைத்தார். தலையணை உறைகளை அலசிப் போட்டோம். நான் கருப்பட்டி இல்லாமலே களியைத் தின்றேன். இரண்டு நாள் கழித்து அவர் வீட்டுக்குள் நுழைந்ததும் நான் அவர் முகத்தைத்தான் பார்த்தேன். அவர் மூச்சை ஒருமுறை இழுத்துவிட்டு, போய் ஜன்னலைத் திறந்தார். வாசம் போகவில்லை என்று தெரிந்துவிட்டது.

எல்லோருக்கும் தெரிகிற ஒன்று எனக்கு மட்டும் தெரியவில்லை என்பதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது. மூலை மூலையாக மோந்து பார்த்தேன். குழந்தையின் கழுத்து, கக்கம், உள்ளங்கை எல்லாம் மோந்தேன். பால் வாசம்தான் வந்தது.

பிறகு ஒரு மதியம் எனக்கும் தெரிந்தது. விடாமல் மழை. குழந்தையின் மூத்திரத் துணிகள் காயவே இல்லை. அடுப்பில் தணல் மட்டும் வைத்து, மேலே கொடி கட்டி, அப்போதுதான் குழந்தை நனைத்த துணியொன்றை அலசக்கூட நேரமில்லாமல் மற்றவற்றோடு சேர்த்துப் போட்டுவிட்டேன். பாலூட்டிக்கொண்டிருக்கும்போது அறை முழுக்க அந்த வாசம் எழுந்தது. இனிப்பு. கல்யாண வீட்டில் பெரிய அண்டாவில் பாகு காய்ச்சுகிறார்களே, அதைப் போல. யாரோ எனக்குப் பின்னால் உட்கார்ந்து கிளறிக்கொண்டிருப்பது போல. திரும்பிப் பார்க்கப் பயந்து அப்படியே இருந்தேன். பிறகு கொடியிலிருந்த அந்தத் துணியை எடுத்து முகத்தருகே கொண்டுபோனேன். அதிலிருந்துதான் வந்தது. என் பிள்ளையின் உடம்பிலிருந்து.

குழந்தையைப் போர்த்திக்கொண்டு மழையிலேயே லயத்துக்கு இறங்கிப் போனேன். அந்த அக்கா கதவைத் திறந்ததும், "யக்கா, என்னன்னு தெரிஞ்சா சொல்லிருங்க. இனிமே என்னால ஆகாது" என்றேன். அவர் என்னை உள்ளே கூப்பிடவில்லை. ஆனால் வெளியே வந்து, கூரைத் தாழ்வாரத்தில் என்னோடு நின்று சொன்னார்.

எங்களுக்கு முன்னால் அதே வீட்டில் வேறொரு சூப்பர்வைசர் இருந்திருக்கிறார். அவர் மனைவிக்குச் சின்ன வயது. சொந்த அக்கா மகளைத்தான் அவர் கட்டியிருந்தார். பிள்ளை பிறந்து ஒரு வாரத்துக்குள் அதன் மேல் இந்த வாசம் வந்திருக்கிறது. "இதே வாசந்தான் ஆத்தா. பாகு வாசம். வந்த மறுநாளே பிள்ள பால் குடிக்கல. பூனக்குட்டி மாதிரி அழுதுச்சு. ஒடம்பு வில்லு மாதிரி வளஞ்சுக்கிட்டு போயிருச்சு. ஜீப்புல வெரசாத்தான் கொண்டு போனாக. மெட்டு எறங்குறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுருச்சு." அதற்கு முன்பு போடியில் பிறந்த தலைப்பிள்ளையும் இதே மாதிரிதான் போயிருக்கிறது. இரண்டு பிள்ளைகளைத் தின்றவள் என்று ஊரே பேச, அந்தப் பெண்ணை அவளுடைய அம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டார்களாம். அவள் போன பிறகும் அது அந்த வீட்டிலேயே தங்கிவிட்டது என்பது லயத்தின் முடிவு. "கொண்டுபோய் விடும்போதே அவ மறுபடியும் முழுகாம இருந்திருக்கா. இது எங்குட்டுத் தங்கப் போகுது" என்று சொல்லிவிட்டு, அக்கா என் குழந்தையைப் பார்த்தார். "பால் குடிக்குதா?" என்றார்.

அந்தக் கேள்விக்குப் பிறகு நான் வீட்டுக்குப் போகவில்லை. அக்காவே ஓடிப்போய் என் கணவரைக் கூட்டிவந்தார். கீழே இறங்கும் ஆள் ஜீப் ஒன்று கிளம்பிக்கொண்டிருந்தது, அதில் ஏறினோம்.

அந்தப் பயணத்தை நான் எப்படிச் சொல்வது! மழைக்காகச் சுற்றிலும் படுதா இறக்கிக் கட்டியிருந்தார்கள். உள்ளே நெருக்கியடித்துக்கொண்டு ஆட்கள். கொண்டை ஊசி வளைவுகளில் ஜீப் திரும்பும்போதெல்லாம் எதிரே பனியைத் தவிர ஒன்றுமில்லை. கொஞ்ச நேரத்தில் ஒருவர், "யாருப்பா அதிரசம் கொண்டாந்தது? ஒண்ணு குடுக்கிறது?" என்று சிரித்தார். யாரும் சிரிக்கவில்லை. எங்கள் எஸ்டேட்டுப் பெண் ஒருத்தி பக்கத்திலிருந்தவள் காதில் ஏதோ சொன்னாள். அவள் கால்களை உள்ளே இழுத்துக்கொண்டாள். மெட்டில் வண்டி நின்றபோது இருவரும் இறங்கி, பின்னால் வரும் ஜீப்பில் வருவதாகச் சொல்லிவிட்டார்கள். நான் குழந்தையை மார்போடு வைத்துக்கொண்டே வந்தேன். அது உறிஞ்சுவதை நிறுத்தினால் கன்னத்தைத் தட்டுவேன். மறுபடி உறிஞ்சும். தூக்கம் கெட்ட கோபத்தில் அழும். அழுகை பூனைக்குட்டி மாதிரி இருக்கிறதா என்று காதைக் கொடுத்துக் கேட்பேன்.

போடியில் குழந்தைகளைப் பார்க்கும் ஒரு பெண் டாக்டரிடம் போனோம். கணவர் திக்கித் திணறி விஷயத்தைச் சொன்னார். டாக்டர் சிரிக்கவில்லை. குழந்தையை வாங்கித் தலையை மோந்தார். கை கால்களை மடக்கி நீட்டிப் பார்த்தார், எடை பார்த்தார். பால் குடிப்பதைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்டார். பிறகு என்னிடம், "உங்க கையைக் கொடுங்க" என்றார். கையை நீட்டினேன். ஸ்வெட்டரை மேலே தள்ளி, முழங்கை மடிப்பில் மூக்கை வைத்து மோந்தார்.

"பிள்ளையவிட உங்க மேலதான் அதிகமா வருது. நீங்க என்ன சாப்பிடுறீங்க?"

சொன்னேன். எவ்வளவு என்று கேட்டார். அதையும் சொன்னதும் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "வெந்தயம்மா. வேற ஒண்ணுமில்ல."

எனக்குப் புரியவில்லை. பூண்டு தின்றால் மறுநாள் வேர்வையில் வருமே, அது மாதிரிதான் என்று விளக்கினார். வெந்தயத்தில் சோட்டலோன் என்று ஒரு பொருள் இருக்கிறதாம். கொஞ்சமாக இருக்கும்போது அதற்கு வாசமே பாகு மாதிரிதான். உடம்பு அதை முழுசாகச் சிதைப்பதில்லை. வேர்வையிலும் மூத்திரத்திலும் அப்படியே வெளியே அனுப்பிவிடும். தாய்ப்பாலிலும் கொஞ்சம் போகும். என் பாலைக் குடித்த குழந்தையின் மூத்திரத்திலும் அதுதான் வந்திருக்கிறது. குளிருக்குக் கழற்றாத கம்பளித் துணியில் தங்கி, சாத்திய அறையில் சேர்ந்துகொண்டே போயிருக்கிறது. "உங்களுக்கு ஏன் தெரியலன்னா, அவங்கவங்க வாசம் அவங்கவங்க மூக்குக்குப் பழகிரும். துணியச் சூடு காட்டுனப்ப மொத்தமாக் கிளம்புனதுனாலதான் தெரிஞ்சிருக்கு."

என் கணவர் சுவரில் சாய்ந்து நின்று அழுதார். நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன். ஆனால் டாக்டர் இன்னும் சிரிக்கவில்லை. குழந்தைக்கு ரத்தமும் மூத்திரமும் எடுத்து வெளியூருக்குச் சோதனைக்கு அனுப்ப வேண்டும் என்றார். இவ்வளவு நன்றாகக் குடிக்கிற பிள்ளைக்கு ஒன்றும் இருக்காது, இருந்தாலும் பார்த்துவிடுவோம் என்றார். வெந்தயத்தை நிறுத்தச் சொன்னார். எதற்குச் சோதனை என்று கேட்டபோதுதான் அந்தப் பழைய வீட்டுக் குழந்தையைப் பற்றி நான் முழுசாகச் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

"தாய்மாமனைக் கட்டுன பொண்ணா? ரெண்டு பிள்ளையும் ஒரே மாதிரியா?"

சிலர் குடும்பத்தில் பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே ஒரு குறை வரும் என்றார். சாப்பிடுகிற, குடிக்கிற எதிலும் இருக்கும் புரதத்தில் சில பகுதிகளை அந்த உடம்பால் சிதைக்க முடியாது. தாய்ப்பாலில் இருப்பதைக்கூட. அவை ரத்தத்தில் சேர்ந்து மூளையைத் தாக்கும். அப்போது அந்த உடம்புக்குள்ளேயே இதே சோட்டலோன் உண்டாகும். இதே பாகு வாசம் வரும். சொந்தத்துக்குள் கல்யாணம் செய்கிற குடும்பங்களில் இதற்கு வாய்ப்பு அதிகம். பிறந்த உடனே கண்டுபிடித்தால் அதற்கென்று இருக்கும் தனிப் பால் பவுடரைக் கொடுத்துக் காப்பாற்ற வழி உண்டு. வாசம் வரும்வரை காத்திருந்தால் தாமதமாகிவிடும்.

"பார்க்காம உறுதியாச் சொல்ல முடியாது. ஆனா அந்தப் பொண்ணு எங்க இருக்கா?" என்றார் டாக்டர்.

வெந்தயத்தை நிறுத்திய சில நாட்களில் என் மேலிருந்த வாசம் போய்விட்டது. சோதனையிலும் குழந்தைக்கு ஒன்றுமில்லை என்று வந்தது. ஆனால் அந்த முடிவு வரும்வரை நாங்கள் காத்திருக்கவில்லை. லயத்து அக்காவிடம் போனில் விசாரித்துக்கொண்டு, மூன்றாம் நாளே பொட்டிபுரம் பக்கம் அந்தப் பெண்ணின் ஊருக்குப் போனோம்.

வீட்டு முன்னால் மக்காச்சோளம் காயப்போட்டிருந்தது. அவள் அம்மா எங்களைப் பார்த்ததும், "என்ன சோலியா வந்தீக?" என்றார். எஸ்டேட் பெயரைச் சொன்னதும் அவர் முகம் இறுகிவிட்டது. அந்தப் பெண் வாசலுக்கு வந்தாள். என்னைவிடச் சிறியவள், வயிறு நன்றாகத் தெரிந்தது. அவள் என் கையிலிருந்த குழந்தையைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். எங்கே தன் கண் பட்டுவிடுமோ என்று அவளே பயப்படுகிறாள் என்பது எனக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது.

டாக்டர் சொன்னதையெல்லாம் சொன்னேன். அவள் கேட்டாளா என்றே தெரியவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேச்சுவாக்கில் குழந்தையின் கம்பளிக் குல்லாவைக் கழற்றி வைத்தேன். அதை நான் இன்னும் துவைக்கவில்லை. அவள் தலை சட்டென்று நிமிர்ந்தது. குல்லாவை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள். நெடுநேரம் எடுக்கவே இல்லை. அவள் அம்மா, "கீழ போடுடி, போடு" என்று கத்தினார்.

"இதே வாசந்தாக்கா" என்றாள் அவள். குரல் எழும்பவில்லை. "இந்தப் பிள்ள பால் குடிக்குதா?"

பதில் சொல்வதற்குள் என் மகளே பசித்து அழுதுவிட்டாள். நான் அங்கேயே உட்கார்ந்து பால் கொடுத்தேன். அவள் எனக்கு எதிரே உட்கார்ந்து, குழந்தை உறிஞ்சுவதையும் விழுங்குவதையும் ஒன்றுவிடாமல் பார்த்தாள். அந்த வாசம் அடிக்கிற ஒரு குழந்தை வயிறு நிறையக் குடித்துவிட்டுத் தூங்குவதை அவள் அப்போதுதான் பார்க்கிறாள்.

"அப்ப அது ஏங்கிட்ட இருந்து வந்த பேய் இல்லையா?" என்று கேட்டாள்.

இல்லை என்றேன். அவள் அம்மா உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

டாக்டரே முன்கூட்டி எழுதிக் கொடுத்து, மதுரையில் பெரிய ஆஸ்பத்திரியில் பிரசவம் ஆனது. ஆண் குழந்தை. பிறந்ததும் ரத்தம் எடுத்தார்கள். அந்தக் குறை இவனுக்கும் இருந்தது. எந்த வாசமும் வருவதற்கு முன்பே தனிப் பால் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு எல்லாம் சுகமாக நடந்தது என்று சொல்ல மாட்டேன். ஒரு சாதாரணக் காய்ச்சல் வந்தாலும் மதுரைக்கு ஓட வேண்டியிருக்கிறது. பருப்பும் முட்டையும் அவனுக்கு ஆகாது. அங்கன்வாடிக்கு அவள் தனியாகச் சாப்பாடு கட்டிக் கொடுத்தனுப்புகிறாள். அவளுடைய கணவரும் திரும்ப அவளோடு வந்து சேர்ந்துவிட்டார். அவள் மாமியார் மட்டும் இன்னும் பேரனைத் தூக்குவதில்லையாம். ஆனால் அவன் ஓடுகிறான், அடம்பிடிக்கிறான், என் மகளோடு சண்டை போடுகிறான். போன மாதம் அவள் கையைக் கடித்தே வைத்துவிட்டான்.

மலையில் அந்த வீட்டில் நாங்கள் மேலும் ஒரு வருடம் இருந்தோம். லயத்து அக்கா மறுபடி டீ குடிக்க வர ஆரம்பித்தார். மற்றவர்களில் சிலர் வந்தார்கள், சிலர் கடைசிவரை வாசலோடு நின்றுகொண்டார்கள். அவர்கள் மீது எனக்குக் கோபமில்லை. அந்தத் துணியை முகத்தருகே கொண்டுபோன மதியத்தில் நானும் அவர்களைப் போலத்தான் நினைத்தேன்.

இப்போதும் யாராவது ஒரு பெண்ணைப் பற்றி, "அவ ராசி அப்படி" என்று என்னிடம் சொன்னால், அவள் வீட்டுக்கு எந்த வழியாகப் போக வேண்டும் என்றுதான் முதலில் கேட்கிறேன்.